எழுத்துத் தாளில் மட்டும் அரை பேண்ட் குறைகிறது: ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் எப்படி முடிவாகிறது?

பிறைத் தாதி எழுதியது:

வணக்கம். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாகத் தாதியாகப் பணிபுரிகிறேன். பிரிட்டனில் தாதியாகப் பதிவு பெற வேண்டும் என்பதற்காக ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இதுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அங்குள்ள தாதியர் மன்றம் கேட்டல், வாசிப்பு, பேச்சு ஆகிய மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. (இந்த எண்களைத்தான் பேண்ட் என்கிறார்கள், உச்சம் 9.) சென்ற ஆண்டு எழுதியபோது எழுத்தில் 6 கிடைத்தது. பயிற்சி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டு, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய காலை வேளைகளிலும் உட்கார்ந்து கட்டுரை எழுதிப் பழகினேன். பத்தொன்பது நாள்களுக்கு முன் மறுபடியும் தேர்வுக்குச் சென்றேன். கேட்டல் 8, வாசிப்பு 7.5, பேச்சு 7, எழுத்து மீண்டும் 6. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 7.125 வருகிறது, அதை 7 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். மொத்தத்தில் 7 பெற்றும் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியாத நிலையில் இருக்கிறேன்.

நான் பயின்ற டியூசன் மையத்தில், "எழுத்தை வேண்டுமென்றே 6இல் நிறுத்தி வைப்பார்கள், அப்போதுதான் நாம் திரும்பத் திரும்பக் கட்டணம் கட்டுவோம்" என்றார்கள். அதை நம்பவும் மனம் வரவில்லை, ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. கேட்டலிலும் வாசிப்பிலும் விடை சரியா தவறா என்பது தெளிவு. ஒருவர் என் கட்டுரையைப் படித்து 6 என்கிறார் என்றால், இன்னொருவர் அதையே படித்து 6.5 என்று சொல்லியிருக்க மாட்டாரா? அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதைச் சரிபார்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது, மறுமதிப்பீடு கேட்பதில் பயன் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பட்டர்வொர்த் எழுதியது:

மகளே, வணக்கம். இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அவற்றில் பல ஆண்டுகள் பொதுத்தேர்வு ஒன்றின் கட்டுரைத் தாள்களைத் திருத்தியிருக்கிறேன். ஐயெல்ட்ஸ் தேர்வாளராக நான் இருந்ததில்லை. ஆனால் ஒரு கட்டுரைக்கு எண் கொடுக்கும் வேலை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

முதலில் உங்கள் எண் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். எழுத்துத் தாளில் இரண்டு பணிகள் இருக்கின்றன. முதற்பணியில் வரைபடம் அல்லது அட்டவணை ஒன்றைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாம் பணியில் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். இரண்டாம் பணிக்கு முதற்பணியைப் போல இரண்டு மடங்கு எடை. ஒவ்வொரு பணியையும் நான்கு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: கேட்டதைச் செய்திருக்கிறீர்களா, கருத்துகள் ஒழுங்காகத் தொடர்கின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணத்தில் வீச்சும் துல்லியமும் எப்படி. நான்குக்கும் சம எடை. ஆகவே "ஒருவர் படித்துவிட்டு 6 என்றார்" என்பது முழு உண்மையன்று. எட்டு சிறு தீர்ப்புகள் சேர்ந்துதான் அந்த 6 உருவாகிறது. உதாரணத்துக்கு, உங்கள் கட்டுரை 6.5 தகுதியுடையதாகவே இருந்து, முதற்பணி 5இல் விழுந்திருந்தால், 6.5ஐ இருமுறையும் 5ஐ ஒருமுறையும் கூட்டி மூன்றால் வகுக்கும்போது கிடைப்பது சரியாக 6. தேர்வர்கள் கட்டுரைக்கே முழுக் கவனத்தையும் கொடுத்துவிட்டு வரைபடத்தைக் கடைசி பதினைந்து நிமிடங்களில் முடிப்பது வழக்கம் என்பதால், உங்கள் சிக்கல் அங்கே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, திருத்துபவர் தவறு செய்ய மாட்டாரா என்ற கேள்வி. செய்வார், நானே செய்திருக்கிறேன். தாள் திருத்தும் பணி தொடங்குவதற்கு முன் ஒருங்கிணைப்புக் கூட்டம் ஒன்று நடக்கும். ஏற்கெனவே மூத்தவர்கள் மதிப்பிட்டு வைத்த மாதிரி விடைத்தாள்களை, அவர்கள் கொடுத்த எண்ணை மறைத்துவிட்டு எங்களிடம் தருவார்கள். நாங்கள் தனித்தனியே எண் கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரும் எதனால் அந்த எண்ணைக் கொடுத்தோம் என்று வாதாட வேண்டும். இருபது பேர் அமர்ந்திருக்கும் அறையில் ஒரே கட்டுரைக்கு முதல் நாள் காலையில் எத்தனை விதமான எண்கள் வரும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கூட்டத்தின் அருமை தெரியும். மாலைக்குள் அந்த விரிவு வெகுவாகச் சுருங்கிவிடும். அதன் பிறகே உண்மையான தாள்கள் கைக்கு வரும்.

அப்படியும் மனம் வழுக்கும். மிக மோசமான மூன்று தாள்களுக்குப் பிறகு வரும் நடுத்தரத் தாள் பளிச்சென்று தெரியும். அதே தாள் சிறந்த மூன்று தாள்களுக்குப் பிறகு வந்தால் மங்கித் தெரியும். கையெழுத்து அழகாக இருந்தால் இலக்கணமும் சரியாக இருப்பதாக ஒரு மயக்கம் வரும். முதல் பத்தி பிடித்துப்போனால் மற்ற மூன்று கூறுகளுக்கும் கை தாராளமாகிவிடும். சிலர் எதற்கும் நடு எண்ணையே கொடுத்துப் பாதுகாப்பாக நிற்பார்கள், அதுவும் அநீதிதான். ஓராண்டு என் குழுத் தலைவர் நான் திருத்திய ஒரு கட்டிலிருந்து சில தாள்களை உருவிப் பார்த்துவிட்டு, "ஐயா, மதிய உணவுக்குப் பிறகு உங்கள் கை இறுகியிருக்கிறது" என்று முழுக் கட்டையும் திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்கு வருத்தம்தான். மறுநாள் காலை அதே தாள்களைப் படித்தபோது அவர் சொன்னது சரி என்று புரிந்தது. அந்தக் கட்டில் இருந்த பிள்ளைகள் எவர் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு சரிபார்ப்பு இல்லையென்றால் அவர்கள் இழப்பது எதனால் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஐயெல்ட்ஸில் இதற்கான கட்டுப்பாடுகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை. தேர்வாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் எண்கள் கண்காணிக்கப்படுகின்றன. பேச்சுத் தேர்வு முழுவதும் ஒலிப்பதிவாகிறது. எழுத்து அல்லது பேச்சின் எண் மற்ற திறன்களிலிருந்து வெகுவாக விலகி நின்றால், மூத்த தேர்வாளர் இன்னொரு முறை பார்க்கும் நடைமுறையும் உண்டு.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

மறுமதிப்பீடு பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 23 நாள்கள் இருக்கின்றன. எந்தத் திறனை மறுபடி பார்க்க வேண்டும் என்று நீங்களே குறிப்பிடலாம். எண் உயர்ந்தால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். நான் மேற்படிப்புக்காக எழுதியபோது பேச்சுக்கு மறுமதிப்பீடு கேட்டேன், எண் மாறவில்லை. ஆனால் ஒலிப்பதிவை இன்னொரு மூத்தவர் கேட்டுவிட்டு அதே முடிவுக்கு வந்தார் என்பதால் மனம் அமைதியடைந்து, அடுத்த முறைக்கு ஆயத்தமானேன்.

ஒரு திறனை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் கணினிவழித் தேர்வுக்கு வந்திருக்கிறது. ஆனால் அதில் கிடைக்கும் எண்ணை எல்லா அமைப்புகளும் ஏற்பதில்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன் தாதியர் மன்றத்திடம் எழுத்து வழியாகக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் விரிவுரையாளர், கோலாலம்பூர் எழுதியது:

ஆசிரியர் ஐயா திருத்தும் அறையின் உள்ளிருந்து சொன்னதை நான் எண்களின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். தேர்வாளர்களின் மாறுபாடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையன்று. எட்ஜ்வர்த் என்ற பொருளியல் அறிஞர் 1888ஆம் ஆண்டிலேயே, தேர்வு மதிப்பெண்ணை ஓர் அளவீடாகக் கருதி, அதிலுள்ள பிழையை நிகழ்தகவைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார். எந்த அளவீட்டுக்கும் பிழை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பிழை எவ்வளவு என்று சொல்வதுதான் நேர்மை என்ற எண்ணத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

நீங்கள் தினமும் இரத்த அழுத்தம் அளப்பவர், சகோதரி. ஒரே நோயாளிக்குப் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை அளந்தால் இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்காகக் கருவியைத் தூக்கி எறிவதும் இல்லை. தேர்விலும் இப்படிப்பட்ட ஊசலாட்டம் உண்டு. அதற்குத் திட்டப்பிழை என்று பெயர். ஒரு தேர்வு எழுதியவர்களின் எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும், அத்தேர்வின் நம்பகத்தன்மை எவ்வளவு என்பதையும் கொண்டு அதைக் கணக்கிடலாம். நம்பகத்தன்மை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண். ஐயெல்ட்ஸின் கேட்டல், வாசிப்புத் தாள்களுக்கு இது 0.9ஐ ஒட்டி இருப்பதாக அவர்களே வெளியிடுகிறார்கள். பரவல் 1.2 பேண்ட் என்று வைத்துக்கொண்டால், 1இலிருந்து 0.9ஐக் கழித்து, வரும் 0.1இன் வர்க்கமூலத்தை 1.2ஆல் பெருக்க வேண்டும்; கிடைப்பது சுமார் 0.38. அதாவது விடை சரியா தவறா என்பது தெளிவாக இருக்கும் வாசிப்புத் தாளிலேயே, ஒருவரின் உண்மைத் திறனுக்கும் அவர் பெறும் எண்ணுக்கும் இடையே அரை பேண்டுக்குச் சற்றுக் குறைந்த ஊசலாட்டம் இயல்பு. எந்தப் பகுதி எடுத்துக்கொடுக்கப்பட்டது, அன்று உங்கள் உடல்நிலை எப்படி, இரண்டு விடைகளுக்கு இடையே ஊகித்தது பலித்ததா என்பதெல்லாம் இதில் அடக்கம். எழுத்தில் இவற்றோடு திருத்துபவரும் சேர்கிறார்.

ஆகவே 6க்கும் 6.5க்கும் இடையே இன்னொருவர் வேறாகச் சொல்லியிருக்க மாட்டாரா என்று நீங்கள் கேட்டதற்கு, சொல்லியிருக்கலாம் என்பதே என் பதில். அதை மறைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் இருமுறை, வெவ்வேறு தலைப்புகளில், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதி இருமுறையும் 6 பெற்றிருக்கிறீர்கள். ஒருமுறை நேர்ந்தால் தற்செயல் என்று சொல்ல இடம் உண்டு. இரண்டாம் முறையும் அதே இடத்தில் எண் நிற்கும்போது, தற்செயல் என்ற விளக்கம் வலுவிழக்கிறது. உங்களுக்கு இது இனிமையான செய்தியன்று என்பதை அறிவேன். ஆனால் மறுமதிப்பீட்டின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று தீர்மானிக்க இது உங்களுக்குத் தேவை.

வேண்டுமென்றே 6இல் நிறுத்துகிறார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் நிறுவனங்களின் மீதுள்ள பக்தி அன்று. வெளியிடப்படும் உலகளாவிய சராசரிகளைப் பார்த்தால், பெரும்பாலான தாய்மொழிக் குழுக்களுக்கு நான்கு திறன்களில் எழுத்துதான் தாழ்ந்து நிற்கிறது. கேட்பதும் படிப்பதும் பிறர் ஆக்கியதைப் புரிந்துகொள்வது. எழுதுவது நாமே ஆக்குவது. அது எந்த மொழியிலும் பின்தங்கியே வரும். நம் பிள்ளைகளின் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள்: செய்தி கேட்டால் புரிகிறது, ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நிற்கிறது.

உங்களுக்கு நேர்ந்ததில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறொன்று. தேர்வு ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணில் எங்கே கோடு கிழிப்பது என்பதைத் தேர்வு நடத்துபவர் தீர்மானிப்பதில்லை, எண்ணைப் பயன்படுத்துபவர்தான் தீர்மானிக்கிறார். பிரிட்டனின் தாதியர் மன்றம் 2018 டிசம்பர் வரை எழுத்திலும் 7 கேட்டது. திறமையான தாதியர் பலர் மற்ற மூன்றிலும் தேறி எழுத்தில் மட்டும் மயிரிழையில் தவறுவதைக் கண்டபின் அதை 6.5 ஆக்கியது. அந்த மாற்றத்துக்கு முந்தைய மாதம் 6.5 பெற்றவர் தகுதியற்றவர், பிந்தைய மாதம் அதே எண்ணைப் பெற்றவர் தகுதியுடையவர். இருவரின் ஆங்கிலத்திலும் எந்த வேறுபாடும் இல்லை. திட்டப்பிழை உள்ள ஓர் எண்ணின் மீது கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு விழும்போது, கோட்டுக்கு இருபுறமும் அருகில் நிற்பவர்களில் சிலருக்கு அநீதி நடந்தே தீரும். எழுத்துத் தாளை இருவர் தனித்தனியே மதிப்பிட்டுச் சராசரி எடுத்தால் திருத்துபவரால் வரும் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கோட்டருகே நிற்பவர்களுக்காவது இது கட்டாயம் ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

ஆறாம் படிவ மாணவரின் தாய், செபெராங் ஜெயா எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் இவ்வாண்டு முவெட் எழுதுகிறான், நம் நாட்டுப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு. ஒரே ஆண்டில் பல தவணைகளில் நடக்கும் தேர்வு அது. ஒரு தவணையின் தாள் கடினமாகவும் இன்னொன்று எளிதாகவும் அமைந்தால், கடினமான தவணையில் எழுதியவனுக்கு நட்டம் அல்லவா?

புள்ளியியல் விரிவுரையாளர், கோலாலம்பூர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. பல வடிவங்கள் உள்ள எந்தத் தேர்வுக்கும் இது அடிப்படையான சவால். இதைச் சமாளிக்கும் பணிக்குச் சமன்செய்தல் என்று பெயர். பொதுவான வழி இது: கேள்விகளை முன்கூட்டியே வேறு தேர்வர்களிடம் கொடுத்துச் சோதித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று அறிந்துகொள்வது. பழைய வடிவத்திலும் புதிய வடிவத்திலும் பொதுவான சில கேள்விகளை நங்கூரம்போல வைத்து, இரண்டு வடிவங்களின் கடினத்தையும் ஒரே கோலில் அளப்பது இன்னொரு முறை. டென்மார்க்கின் கணிதவியலாளர் ராஷ் 1960இல் முன்வைத்த மாதிரி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. கேள்வியின் கடினத்தையும் தேர்வரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அது உதவுகிறது. பின்னாளில் அதையே விரிவாக்கி, திருத்துபவரின் கண்டிப்பையும் மூன்றாவது அளவாகச் சேர்த்தார்கள்.

ஐயெல்ட்ஸில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். அகாடமிக் வாசிப்பில் 40க்கு ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் பேண்ட் 7. ஐயெல்ட்ஸின் இன்னொரு வகையான பொதுப் பயிற்சித் தேர்வின் வாசிப்பில் அதே 7க்கு ஏறக்குறைய 34 வேண்டும். பின்னதன் பகுதிகள் எளியவை என்பதே காரணம். அகாடமிக்கிலேயே வடிவத்துக்கு வடிவம் இந்த எல்லை சற்று ஏறி இறங்கும். கேள்விக்கு ஒரு புள்ளி என்று எண்ணி, வெளியே வந்து நண்பனோடு ஒப்பிட்டு அழ வேண்டியதில்லை என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வியின் கடினம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். வீட்டு வெப்பமூட்டிக் கட்டணத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பனி பெய்யும் நாட்டில் வளர்ந்தவர் பாதி முன்னறிவோடு படிப்பார். பிறையில் வளர்ந்த பிள்ளை அதைச் சொல் சொல்லாகக் கட்டியெழுப்ப வேண்டும். சம திறன் உள்ள இரண்டு குழுக்களில் ஒரு குழு மட்டும் ஒரு கேள்வியில் தொடர்ந்து தடுமாறினால், அந்தக் கேள்வி ஆங்கிலத்தைத் தவிர வேறு எதையோ அளக்கிறது என்று பொருள். அதைக் கண்டறியக் கணக்கு முறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கேள்வியை நீக்குவதே முறை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பட்டர்வொர்த் எழுதியது:

முவெட் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். 1999இல் தொடங்கிய இத்தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. முன்பு மொத்தம் 300 புள்ளிகளில் வாசிப்புக்கு மட்டும் 40 விழுக்காடு இருந்தது. கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 15தான். 2021 முதல் நான்கு திறன்களுக்கும் சமமாகத் தலா 90, மொத்தம் 360. ஐரோப்பிய மன்றத்தின் சி.இ.எஃப்.ஆர். என்ற மொழித்திறன் நிலைகளோடு இணைக்கப்பட்டு, மேல்நிலை 5+ ஆகியிருக்கிறது. பழைய 6ஐயும் புதிய 5ஐயும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளைக் குறை சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவை வேறு வேறு அளவுகோல்கள். எடை மாறியதும் வகுப்பறை மாறியது. அதற்கு முன் பேச்சுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கச் சொன்னால், "வெறும் பதினைந்து விழுக்காடு, சார்" என்று மாணவர்களே என்னிடம் கணக்குச் சொல்வார்கள். எதற்கு எவ்வளவு எண் என்பதே எதைக் கற்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பேச்சில் குழுக் கலந்துரையாடல் இருப்பதால், உடன் அமர்பவர்கள் யார் என்பதைப் பொறுத்து எண் மாறுமோ என்ற அச்சம் நியாயமானது. ஒருவர் முழு நேரத்தையும் பிடித்துக்கொண்டால், அவரைப் பணிவாக இடைமறித்து, பேசாதிருப்பவரையும் உள்ளே அழைப்பது திறனாகவே கருதப்படும் என்று மகனிடம் சொல்லி அனுப்புங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

அப்படியானால் மனிதரை விட்டுவிட்டுக் கணினியே மதிப்பிட்டால் தாராளம், கண்டிப்பு என்ற பேச்சே எழாது அல்லவா? பி.டி.இ. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வு அப்படித்தானே நடக்கிறது? நம் தமிழர் உச்சரிப்பை மனிதத் தேர்வாளர் இளக்காரமாகப் பார்ப்பார் என்று அஞ்சி, அதற்கு மாறிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

புள்ளியியல் விரிவுரையாளர், கோலாலம்பூர் எழுதியது:

2009இல் வந்த அந்தத் தேர்வில் மதிப்பீட்டின் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது. கணினிக்கு மதிய உணவுக்குப் பிந்திய களைப்பு இல்லை. ஒரே விடைக்கு ஒரே எண்ணைத்தான் தரும். ஆனால் அது எண் கொடுக்கக் கற்றுக்கொள்வது மனிதர்கள் மதிப்பிட்ட ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்துதான். அந்த மாதிரிகளில் நம்மைப் போலப் பேசுபவர்கள் போதிய அளவு இருந்தார்களா என்பதைப் பொறுத்தே அதன் நியாயம் அமையும். மனிதரின் பிழை ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். கணினியில் ஒரு பிழை இருந்தால் அது எல்லாருக்கும் ஒரே திசையில் விழும். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத்துக்கு மனிதரையும் கணினியையும் சேர்த்துப் பயன்படுத்தியது இதனால்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

உச்சரிப்பைப் பற்றி: ஐயெல்ட்ஸ் பேச்சின் நான்கு கூறுகளில் உச்சரிப்பும் ஒன்று. அதில் பார்க்கப்படுவது கேட்பவருக்கு எளிதில் புரிகிறதா என்பது. லண்டன் ஒலியோ சிட்னி ஒலியோ தேவையில்லை. வார்த்தைகளின் அழுத்தத்தை இடம் மாற்றாமல் பேசினால் நம் பினாங்குத் தமிழர் ஆங்கிலம் உயர்ந்த பேண்டுக்குத் தடையாகாது.

நியாயம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2014இல் பிரிட்டனில் சில மையங்களில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை ஆள்மாறாட்டம் செய்து எழுதியதைத் தொலைக்காட்சி ஒன்று வெளிக்கொணர்ந்தது. பின்னர் 58,458 தேர்வுகளை ஆராய்ந்து, 33,663ஐச் செல்லாதவை என்றும் 22,476ஐச் சந்தேகத்துக்குரியவை என்றும் தேர்வு நிறுவனம் வகைப்படுத்தியதை, அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் பதிவு செய்தது. நேர்மையாக எழுதியவர்களும் அந்த வலையில் சிக்கி, விசாவை இழந்து, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள்; சிலர் வென்றார்கள். ஏமாற்றுவோரைத் தடுக்கத் தவறுவதும் அநீதி, தடுக்கும் வேகத்தில் நேர்மையானவரைத் தண்டிப்பதும் அநீதி. தேர்வு மையத்தில் கைரேகையும் படமும் எடுக்கும்போது நமக்கு எரிச்சல் வரலாம். எனக்கு அந்த மாணவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பிறைத் தாதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பணி இடைவேளையில் எல்லாவற்றையும் இருமுறை படித்தேன். இரத்த அழுத்த ஒப்பீடு எனக்கு உடனே விளங்கியது; சந்தேகமாக இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளப்பதுதான் எங்கள் வழக்கம்.

ஆசிரியர் ஐயா முதற்பணியைப் பற்றிச் சொன்னது மனத்தில் தைத்தது. இரண்டு முறையும் கட்டுரையைத்தான் முதலில் எழுதினேன். வரைபடத்துக்கு மிஞ்சியது பதினைந்து நிமிடங்களுக்கும் குறைவு. தேர்வில் வந்த வரைபடத்தையும் நான் எழுதியதையும் நினைவிலிருந்து இங்கே எழுதினால், குறை எங்கே என்று சொல்ல முடியுமா, ஐயா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பட்டர்வொர்த் எழுதியது:

தேர்வில் வந்ததை இங்கே எழுத வேண்டாம், மகளே. அந்தக் கேள்வி வேறொரு நாளில் வேறொருவருக்கு வரக்கூடும். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் நியாயத்தை நாமே குலைத்ததாகிவிடும். வீட்டில் பயிற்சிக்காக எழுதிய ஒன்று இருந்தால், அதன் அமைப்பை மட்டும் சொல்லுங்கள், போதும்.

பிறைத் தாதி எழுதியது:

நீங்கள் சொல்வது சரி, ஐயா. நான் யோசிக்கவில்லை, மன்னிக்கவும். பயிற்சிக்கு எழுதிய ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாடுகளில் இருபது ஆண்டுகளில் தண்ணீர்ப் பயன்பாடு எப்படி மாறியது என்ற கோட்டு வரைபடம் அது. முதல் பத்தியில் கேள்வியில் இருந்ததையே சற்று மாற்றி எழுதியிருக்கிறேன். பிறகு முதல் நாட்டின் எண்கள் ஆண்டுவாரியாக, அடுத்து இரண்டாம் நாடு, அடுத்து மூன்றாம் நாடு. எந்த எண்ணையும் விடவில்லை. 190 சொற்கள் வந்தன. தவறான வாக்கியம் என்று எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பட்டர்வொர்த் எழுதியது:

உங்கள் குறை அங்கேயே இருக்கிறது. எந்த எண்ணையும் விடவில்லை என்கிறீர்கள். விட வேண்டியவற்றை விட்டிருக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டுள்ள பேண்ட் விளக்கங்களைப் படியுங்கள். விவரங்களை இயந்திரம்போல அடுக்கிவிட்டு, மொத்தப் போக்கு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லாத விடை, கேட்டதைச் செய்தல் என்ற கூறில் பேண்ட் 5க்கு உரிய இயல்பாக அங்கே விவரிக்கப்படுகிறது. 6க்குப் பொதுநோக்கு இருக்க வேண்டும். 7க்கு அது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு நாடுகளில் பயன்பாடு ஏறியது, ஒன்றில் இறங்கியது, கடைசியில் முதலிடம் கைமாறியது என்று இரண்டே வாக்கியங்களில் முதலில் சொல்லிவிட்டு, அதற்குச் சான்றாகும் எண்களை மட்டும் எடுத்துக்காட்டியிருக்க வேண்டும். நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கவும் வேண்டும்.

நீங்கள் எழுதியது பணி மாற்றத்தின்போது அடுத்த தாதியிடம் ஒப்படைக்கும் குறிப்பைப் போல இருக்கிறது: மணிக்கு மணி அளவுகள், எதுவும் விடுபடக் கூடாது. அங்கே அது உயிரைக் காக்கும் பழக்கம். இங்கே கேட்பது மருத்துவர் சுற்று வரும்போது நீங்கள் வாயால் சொல்லும் முதல் வாக்கியம்: "நோயாளிக்கு நேற்றிரவு முதல் காய்ச்சல் இறங்கி வருகிறது, ஆனால் மூச்சு வேகமாகிறது." அந்த வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்குத் தெரியும். அதை எழுத்தில் முதலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதற்பணியை முதலில் எழுதுங்கள், இருபது நிமிடங்களில் நிறுத்துங்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது உங்கள் உரிமை. நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

பிறைத் தாதி எழுதியது:

இரண்டு முறை கட்டணம் கட்டியும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஐயா. இன்று காலை அதே வரைபடத்தை எடுத்து, முதலில் அந்த இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டுத் தொடர்ந்தேன். 165 சொற்கள், பத்தொன்பது நிமிடங்கள். மறுமதிப்பீட்டுக்கு எழுத்துத் தாளை மட்டும் குறிப்பிட்டு இன்றே விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். ஒரு திறன் மறுதேர்வை ஏற்பார்களா என்று தாதியர் மன்றத்துக்கும் எழுதியிருக்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் இதே இடத்தில் வந்து தெரிவிக்கிறேன்.